டிரைவைத் திறந்து பார்க்காமல் எடுத்துப் போகாதே

மக்கா,

போன வாரம் போனில் நீ இரண்டு விஷயம் கேட்டாய். மஸ்கட்டுக்குப் புறப்படும் முன் உன் லாப்டாப்பில் இருப்பதையெல்லாம் பேக்கப் எடுத்து வைக்க எந்த எக்ஸ்டர்னல் டிரைவ் வாங்கலாம் என்பது ஒன்று. நம் சபைச் செக்ரட்டரி ஞானசிகாமணியை இத்தோடு விட்டுவிட முடியாதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். இரண்டாவதற்கு முடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் எனக்கு இந்த இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவளுக்கு உதாரணம் இல்லாமல் எதையும் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும். இந்த முறை உதாரணம் ஞானசிகாமணிதான். பொறுமையாக வாசி.

நீ பெங்களூரில் இருந்ததால் நடந்தது உனக்குத் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்திருக்கும். சபையில் பாடகர் குழுவை நான் நடத்திய காலத்தில் அங்கே இசைக்குறிப்பு வாசிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. எல்லாரும் கேட்டுத்தான் படிப்பார்கள். அதனால் ஒவ்வொரு பாட்டையும் நான்கு குரல்களாகப் பிரித்து, நான்கு பேரைத் தனித்தனியாகப் பாட வைத்து, சபையின் லாப்டாப்பில் பதிவு செய்து வந்தேன். கீழ்க்குரலான பேஸ் முழுவதும் உன் ஸ்டீபன் மாமா. பேஸைத் தனியாகக் கேட்டால் அது பாட்டாகவே இருக்காது. பக்கத்து அறையில் யாரோ எதற்கோ முனகிக்கொண்டிருப்பது போல இருக்கும். மற்ற மூன்று குரல்களும் மேலே வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்த முனகல் எதற்கென்று புரியும். மாமா ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தொண்டையைச் செருமிவிட்டு, "அக்கா, ஃபேன ஆஃப் பண்ணு" என்பான். அதை நான் ஒன்றிலும் வெட்டியதில்லை. அவன் போன பிறகு, வெட்டாமல் விட்டதுதான் நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் என்று நினைத்தேன்.

ஞானசிகாமணியும் பேஸ் பாடுகிறவர்தான். உன் மாமாவுக்குப் பக்கத்தில்தான் நிற்பார். குரல் கனமான குரல், குறை சொல்ல முடியாது. ஆனால் ஸ்வரத்திலிருந்து மெல்ல இறங்கிவிடுவார். இறங்கியது அவருக்குத் தெரியாது. ஒரு கிறிஸ்துமஸுக்குத் தனிப்பாட்டு கேட்டார். நான் கொடுக்கவில்லை. எல்லார் முன்னிலையிலும் காரணம் சொல்லவில்லை, தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னேன். அதைத்தான் அவர் மனதில் வைத்துக்கொண்டார். மாமா இறந்து ஒரு வருடம் கழித்துக் கமிட்டித் தேர்தல் வந்தது. அவர் செக்ரட்டரி ஆனார். ஆன மறு வாரமே சபை லாப்டாப்பைக் கணக்கு எழுத அலுவலகத்துக்கு எடுத்துக்கொள்ளப்போவதாகச் சொல்லியனுப்பினார்.

எடுத்துக்கொள்ளட்டும், அது சபையின் சாதனம். பாட்டுகளை நகல் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டுக்கொண்டு போனேன். அலமாரியில் நீ விட்டுப்போயிருந்த கறுப்பு டிரைவைத்தான் கையில் எடுத்துப் போனேன். செருகினேன். திரையில் ஒரு பெட்டி வந்தது. இந்த வட்டைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று கேட்டது. செய்தால் உள்ளே இருக்கும் உன் சாமான்கள் எல்லாம் போய்விடும். உன் கல்லூரிக் காலத்துப் படங்கள் இருக்கும், கல்யாணப் படங்கள் இருக்கும் என்று நினைத்து வேண்டாம் என்று அழுத்தினேன். ஞானசிகாமணி சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

"என்ன டீச்சரே, ஏறல்லியா?"

"இது வேற முறையில இருக்கு. புதுசா ஒண்ணு வாங்கிட்டு வரணும்."

"அதுக்கென்ன. நாளைக்கு வாருங்க."

மறுநாள் நாகர்கோவிலில் கடை திறக்கக் காத்திருந்து புது டிரைவ் வாங்கிக்கொண்டு போனேன். லாப்டாப் அலுவலக மேசையில் இருந்தது. துடைத்துவிட்டதைப் போலச் சுத்தமாக இருந்தது. "கடையில குடுத்து க்ளீன் பண்ணியாச்சு டீச்சர். கணக்கு போட ஸ்பீடு வேணும்லா" என்றார். உள்ளே இருந்தது எங்கே என்று கேட்டேன். "உள்ள ஒண்ணும் கெடக்கல்லியே" என்றார். அன்றைக்கு உனக்குப் போன் செய்து அழுதேன். நீ ஆறுதலாக ஒன்று சொன்னாய்: "என் டிரைவை ஃபார்மட் பண்ணியிருக்கலாமேம்மா, அதுல பழைய சினிமாதான் இருக்கு." மக்கா, உன் சினிமாக்கள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. இதற்காக உன் மேலும் எனக்கு ஒரு கோபம் உண்டு. இவ்வளவு நீளமான கடிதத்தை நீ வாசிக்க வேண்டியிருப்பது அதற்காகவும்தான்.

இனி உன் முதல் கேள்விக்கு வருகிறேன். டிரைவ் என்றால் வெறும் பெட்டி என்று நாம் நினைக்கிறோம். உள்ளே எதை எங்கே வைத்தோம் என்று குறித்து வைக்க அதற்கு ஒரு முறை உண்டு. பரீட்சைக் கூடத்தில் இருக்கைக்கு எண் போடுவதை நினைத்துக்கொள். ஒரு பள்ளியில் ஜன்னல் பக்கத்திலிருந்து எண் போடுவார்கள், இன்னொன்றில் கதவுப் பக்கத்திலிருந்து. அந்த முறை தெரியாத மேற்பார்வையாளர் உள்ளே வந்தால், பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்திருந்தும், யார் எங்கே என்று தெரியாமல் விழிப்பார். உன் டிரைவ் மேக்கின் முறையில் இருந்தது, சபை லாப்டாப் விண்டோஸ். அதனால்தான் விழித்தது. உனக்கு இப்போது சொந்தமாக மேக், மஸ்கட் அலுவலகம் தரப்போவது விண்டோஸ் என்றாய். அப்படியானால் இரண்டும் வாசிக்கவும் எழுதவும் கூடிய எக்ஸ்ஃபேட் என்ற முறையில் டிரைவை மாற்றிக்கொள். வாங்கியவுடன், உள்ளே எதையும் போடுவதற்கு முன்பே மாற்று. மேக் தானாகவே எடுக்கும் பேக்கப் மட்டும் தன் சொந்த முறையைத்தான் கேட்கும். அதற்குத் தனியாக ஒரு டிரைவ் வைத்துக்கொள். ஒன்றிலேயே எல்லாவற்றையும் திணித்துப் பணத்தை மிச்சம் பிடிக்காதே.

அப்பா அந்த நாட்களில் என்னைச் சமாதானம் செய்யப் பார்த்தார். "சவத்த விட்டுத் தள்ளுட்டி. ஒரு லாப்டாப்புக்குப் போயி இம்புட்டு வெப்ராளமா?" என்றார். லாப்டாப் இல்லை, ஸ்டீபன் என்றேன். ஆனாலும் உண்மையில் கவனக்குறைவாகவே நடந்திருக்கலாமே என்று எனக்கும் ஒரு எண்ணம் இருந்தது. அழித்ததை மீட்க முடியுமா என்று கேட்க, லாப்டாப்பைச் சுத்தம் செய்த கடைக்கே போனேன். கடைக்காரப் பையன் என்னிடம் படித்தவன் இல்லை, ஆனாலும் டீச்சர் என்றதும் நாற்காலி போட்டான். அழித்ததற்கு மேலே புதிதாக எழுதியாகிவிட்டது, இனி வராது என்றான். பிறகு, வேறு ஏதோ பேச்சின் நடுவே, "செக்ரட்டரி சாருக்கு அன்னைக்கு என்ன அவசரம்னு தெரியல்ல டீச்சர். நாளைக்குத் தாறேன்னு சொன்னேன். 'நாளைக்கு டீச்சர் வந்துருவா, இன்னைக்கே முடிச்சித் தா'ன்னுட்டு இங்கயே உக்காந்துட்டாரு" என்றான். அங்கிருந்து பஸ் நிறுத்தம்வரை நான் எப்படி நடந்தேன் என்று நினைவில்லை. என் சந்தேகம் தீர்ந்துவிட்டது. அன்றைக்குத் தீர்மானித்தேன்.

முதலில் பாட்டுகளை மீட்டேன். மேல்குரல்கள் பெரிய கஷ்டமில்லை. படிப்பதற்காகப் பெண்கள் போனில் வாங்கி வைத்திருந்தார்கள், வீடு வீடாகப் போய் வாங்கினேன். பேஸ்தான் யாரிடமும் இல்லை. கடைசியில் அது மினி பஸ்ஸில் கிடைத்தது. அஞ்சுகிராமம் மினி பஸ் ஓட்டும் ரெத்தினத்தை உனக்குத் தெரியும். அவனும் பேஸ். பாட்டுப் பெட்டியில் செருகும் மெமரி கார்டில் மாமாவின் பேஸ் அவ்வளவையும் வாங்கிப் போட்டு, வண்டி ஓட்டிக்கொண்டே படித்திருக்கிறான். பிரயாணிகளின் கதியை நினைத்துப் பார். நான் ஏறியிருந்த அன்றைக்கும் ஒரு அம்மாள் கேட்டாள்: "எலே ரெத்தினம், காலையிலிருந்து இந்த ஆளு எதுக்குல மொனங்குகான்? வயித்து வலியா?" ரெத்தினம் திரும்பாமலே, "இது பேஸு, பாட்டீ. மேல மூணு பேரு வரணும், வந்தா சரியாயிரும்" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முனகலுக்கு முன்னால், எல்லாப் பாட்டிலும், "அக்கா, ஃபேன ஆஃப் பண்ணு" என்று கேட்டுக்கொண்டே வந்தது.

அப்படி மீட்டதையெல்லாம் நாகர்கோவிலில் வாங்கிய அந்தப் புது டிரைவில் போட்டேன். அது பழைய வகை டிரைவ், உள்ளே கிரைண்டர் போலச் சுழலும் தட்டு இருக்கிறது. ஓடும்போது கீழே விழுந்தால் போயிற்று. மினி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவரும் சாதனம் அல்ல அது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வகையை வாங்கு. விலை கூடுதல்தான், ஆனால் நீ நாடு விட்டு நாடு போகிறாய். லாப்டாப்பின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். மிகக் குறைந்த விலையில் மிகப் பெரிய கொள்ளளவு என்று யாராவது விற்றால் கையால் தொடாதே, அதில் பாதி பொய்யாக இருக்கும். துவாரத்தையும் பார்த்து வாங்கு. உன் மேக்கில் இருப்பது சின்னதாக, நீள்வட்டமாக, எப்படித் திருப்பிப் போட்டாலும் ஏறுகிற சி வகை. அலுவலக லாப்டாப்பில் பழைய அகலத் துவாரம் மட்டும் இருந்தாலும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒயர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா என்று கடையிலேயே பார். குழாய் ஒரு அளவு, ஓஸ் ஒரு அளவு என்றால் தோட்டத்துக்குத் தண்ணீர் போகாது.

எல்லாம் கிடைத்தும் ஒரு பாட்டின் பேஸ் மட்டும் ரெத்தினத்திடமும் இல்லை. மாமா கடைசியாகப் பதிவு செய்த பாட்டு. மாமாவின் போனை மாமி பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்து அது எப்போதோ செத்துப்போயிருந்தது. "அது செக்ரட்டரிட்ட உண்டு டீச்சர். அன்னைக்கு அவரு பிராக்டீசுக்கு வரல்ல. ஸ்டீபன் மாமா தனியா பாடி அவருக்கு மட்டும் அனுப்பினாரு" என்றான் ரெத்தினம். பார்த்தாயா. என் தம்பியின் கடைசிக் குரல் அவனை அழித்தவரின் போனில் இருக்கிறது. நான் போய்க் கேட்டால் இல்லை என்பார். கேட்டேன் என்பதற்காகவே அதையும் அழித்துவிடுவார். அவராகவே என் வீட்டுக்கு வந்து, அவராகவே தர வேண்டும். அதற்கு அவருக்கு என்னிடம் ஒரு தேவை வர வேண்டும்.

தேவை அவருக்குத் தானாக வந்தது. சபை ஆண்டு விழாவுக்குப் பேராயர் வருகிறார், பாடகர் குழு நான்கு குரலில் பெரிய பாட்டு ஒன்று பாட வேண்டும். நான் குழுவிலிருந்து விலகிய பிறகு யாருக்கு என்ன என்பதை முடிவு செய்வது செக்ரட்டரிதான். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் பேஸ் மட்டும் தனியாக வரும் ஒரு பகுதி உண்டு. அதை அவர் தனக்கே ஒதுக்கிக்கொண்டார். நான் கொடுக்காததைத் தானே எடுத்துக்கொண்டார். ஆனால் கேட்டுப் படிக்க ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் பயிற்சி முடிந்ததும் சபை லாப்டாப்பிலேயே உட்கார்ந்து கேட்டுப் படிக்கிறவர். அந்த லாப்டாப்பில் இப்போது கணக்கு இருக்கிறது. என்னிடம் பாட்டுகள் திரும்ப வந்திருப்பது ஊருக்கே தெரியும். டீச்சர் தருவாளா என்று இரண்டு மூன்று பேரை விட்டுக் கேட்டுப் பார்த்தார். அறுப்பின் பண்டிகையில் படைக்கிறேன், வேண்டியவர்கள் ஏலத்தில் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

விளைந்ததைச் சபைக்குப் படைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகை உனக்கு மறந்திருக்காது. சின்ன வயதில் கையைத் தூக்கிவிட்டு அப்பாவின் தலையில் ஒரு வாத்தைக் கட்டியவன்தானே நீ. இந்த முறையும் செவ்வாழைக் குலை, ஏத்தன் குலை, மரச்சீனிக் கிழங்கு, சேவல் எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவே என் டிரைவ். மணி அடிக்கும் கோயில்பிள்ளைதான் ஏலம் விட்டார். அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சருக்க தோட்டத்துல வெளஞ்சது. இது என்னவாக்கும் டீச்சர்?"

"டிரைவ்."

"டிரைவு ஒண்ணு. கொயர் பாட்டு அம்புட்டும் இதுக்குள்ள. கேக்கவங்க கேக்கலாம்."

ஞானசிகாமணி கேட்டார். ரெத்தினம் கூட்டிக் கேட்டான். அவர் மேலே போனார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் அதற்கும் மேலே கேட்டது. உன் அப்பா. கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. "சாரே, உம்ம வீட்டுச் சாதனத்த நீரே ஏலம் கேக்கீரா?" என்று யாரோ கேட்டார்கள். "வீட்டுல கேட்டா இவ தரமாட்டா. இங்கயாவது கேட்டுப் பாக்கேன்" என்றார். விட்டுத் தள்ளு என்று சொன்ன மனிதர்தான். ஞானசிகாமணி கடைசியில் எடுத்தபோது, அந்த முற்றத்தில் எந்தக் குலையும் அந்த விலைக்குப் போயிருக்கவில்லை. பணம் சபைக்குத்தான் போயிற்று. அவர் முகத்தில் வியர்த்ததுதான் எனக்கு.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ விட்டுப்போன பழைய மேக் இங்கே இருக்கிறதே, அதில் வைத்து அந்த டிரைவை மேக்கின் முறைக்கே மாற்றிக் கொடுத்திருந்தேன். சபை லாப்டாப்பில் செருகினால், எனக்கு வந்த அதே பெட்டிதான் வரும். ஏமாற்று வேலை என்றார் அப்பா. பாட்டு முழுவதும் உள்ளே இருக்கிறது, இதில் என்ன ஏமாற்று என்றேன். அவர் அவசரப்பட்டு ஃபார்மட் செய்திருந்தாலும் எனக்கு நஷ்டமில்லை, இன்னொரு நகல் என் அலமாரியில் இருந்தது. நீயும் இரண்டு நகல் வை. ஒன்று உன்னோடு வரட்டும், ஒன்று இங்கே என்னிடம் இருக்கட்டும். இரண்டும் ஒரே பெட்டியில் போனால், பெட்டி போகும்போது இரண்டும் போகும்.

மறுநாள் சாயங்காலம் அவர் வந்தார். டிரைவைக் கைக்குட்டையில் பொதிந்து வைத்திருந்தார். அப்பா சாயா போட்டுக் கொடுத்தார்.

"டீச்சரே, இது சிஸ்டத்துல ஏறல்ல. ஃபார்மட் பண்ணவான்னு கேக்குது."

"பண்ணினியளா?"

"எங்க பண்ண. பண்ணினா உள்ள கெடக்கது போயிரும்லா."

"போயிரும்னு உங்களுக்குத் தெரியும் அப்போ."

சாயா டம்ளர் வாய்க்குப் போகாமல் நடுவிலேயே நின்றது. "இப்பம்தான படிச்சேன்" என்றார். திறக்கும்படி மாற்றித் தருகிறேன், ஆனால் ஸ்டீபன் உங்களுக்கு அனுப்பிய பாட்டு எனக்கு வேண்டும் என்றேன். அவர் முகம் தெளிந்தது. இவ்வளவுதானா என்று நினைத்திருப்பார். அடுத்த நாளே பழைய போனோடு வந்தார். அதிலிருந்த மெமரி கார்டைக் கழற்றி, அவர் உட்கார்ந்திருக்கும்போதே இரண்டு இடத்தில் நகல் எடுத்தேன். எடுத்ததைத் திறந்து, முழுவதும் ஓடவிட்டுக் கேட்டேன்.

அதில் ஃபேன் இல்லை. அது என்னிடம் பேசியது அல்ல, அவரிடம் பேசியது. "சிகாமணி, மூணாவது வரியில நீ எப்பவும் எறங்கிப் போற, அங்க மட்டும் கொஞ்சம் பிடிச்சிப் பாடு. நல்லாப் படி. அடுத்த கிறிஸ்மஸுக்கு ஒனக்கு சோலோ தரச் சொல்லி அக்காட்ட நான் பேசுகேன்." பிறகு தொண்டையைச் செருமிவிட்டுப் பாடினான். அவன் என்னிடம் பேச வரவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவன் இல்லை. அப்பா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். ஞானசிகாமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன், அதை உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் தனக்காகப் பரிந்து பேச நினைத்த ஒருவனின் குரல் என்று தெரிந்தும்தானே அந்தக் கடையில் போய் உட்கார்ந்திருந்தார்.

பாட்டுகளை இரண்டு விதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். எதைக் கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமையை அவருக்கே விட்டேன். ஒரு கேள்விதான் கேட்டேன்.

"அன்னைக்கு நான் மறுநாள் வருவேன்னு தெரிஞ்சுதான லாப்டாப்பக் கடைக்குக் கொண்டுபோனிய?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும், மக்கா. மன்னிப்புகூட வேண்டாம். முழுவதையும் கொடுத்து, அந்தத் தனிப்பகுதியை இறங்காமல் பாட நானே சொல்லிக் கொடுத்திருப்பேன். அவர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"எனக்கு ஓர்மையே இல்ல டீச்சரே. கமிட்டி வேலை எத்தனை கெடக்கு. யாரு யாரு எப்பம் வருவான்னு ஆரு கண்டா?"

சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். டிரைவை எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினேன். இனி எந்தக் கணினியிலும் அது திறக்கும். மேல்குரல்களான சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர் மூன்றையும் ஒன்று விடாமல் போட்டேன், ஏனென்றால் மற்ற பிள்ளைகள் ஒரு பாவமும் அறியாதவர்கள். ரெத்தினத்துக்கும் இன்னொரு பேஸ்காரனுக்கும் எல்லாப் பாட்டும் மனப்பாடம், அவர்களுக்கும் நஷ்டமில்லை. பேஸ் ஃபோல்டரில் மட்டும் ஒரே ஒரு ஃபைல் வைத்தேன். கொண்டுவந்து கொடுத்து, "இங்கயே திறந்து பாத்துட்டுப் போங்க" என்றேன். கேட்டுக்கொள், நான் சொன்னேன். "உங்கள நம்பாம வேற யார நம்ப டீச்சர்" என்று சொல்லிக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுபோனார்.

பேக்கப் எடுப்பதில் கடைசிப் பாடம் அதுதான், மக்கா. நகல் எடுத்தாயிற்று என்பது பாதி வேலை. அதை வேறு ஒரு கணினியில் செருகித் திறந்து, படமாக இருந்தால் பார்த்து, பாட்டாக இருந்தால் கடைசிவரை கேட்டு, அதன் பிறகுதான் இருக்கிறது என்று நம்ப வேண்டும். யார் கையால் வாங்கினாலும் சரி, அது உன் அம்மாவின் கையாக இருந்தாலும் சரி. மாமாவின் பாட்டுகள் எல்லாவற்றையும் ஒரு டிரைவில் போட்டு உனக்கு அனுப்புகிறேன், கடைசிப் பாட்டும் சேர்த்து. அதையும் வந்த அன்றைக்கே திறந்து பார். உன் சினிமா டிரைவையும் கூடவே வைத்து அனுப்புகிறேன், இனி அதைக் காவல் காக்க எனக்குப் பொறுமை இல்லை.

அப்பாவுக்கு இரண்டு நாளாக நிலைகொள்ளவில்லை. "பேராயர் முன்னால நாணங்கெட்டுப் போவான்ட்டி. மூணு பேரு பாடினா அவன் ஒப்பேத்திருவான், இது தனியால்லா பாடணும்" என்கிறார். அதற்காகத்தான் கொடுக்கவில்லை என்றேன். அலமாரியிலிருந்த முழு நகலை எடுத்துக் கொடுத்துவிடுவாரோ என்று அதை அரிசிப் பானைக்குள் மாற்றி வைத்திருக்கிறேன். ரெத்தினத்திடமும் அவர் கேட்டுப் பார்ப்பார் என்று தெரியும். ரெத்தினம் இந்த வாரம் முழுவதும் பஸ்ஸில் சினிமாப் பாட்டுதான் போடுகிறான். பிரயாணிகளுக்குச் சந்தோஷம்.

நீ என்னை மன்னித்துப் பழகச் சொல்கிறாய். போதகரும் போன ஞாயிறு அதைத்தான் பிரசங்கித்தார், என்னைப் பார்க்காமல் எனக்குச் சொன்னார். வகுப்பில் சுவர்க் கடிகாரத்தை உடைத்தவர்களை, விடைத்தாளில் என் கையெழுத்தைப் போட்டவர்களை, எத்தனையோ பேரை நான் மன்னித்திருக்கிறேன். அவர்கள் எல்லாரும் முதலில் ஆமாம் டீச்சர், நான்தான் என்றவர்கள். சொல்லாதவர்களை வகுப்பு முடியும்வரை நிற்க வைத்திருக்கிறேன். நாளைக்கு ஆண்டு விழாவில் இவர் நிற்கப்போகிறார், அவ்வளவுதான்.

இந்த இடம்வரை எழுதியபோது போன் வந்தது. அவர்தான். இன்றைக்குச் சனிக்கிழமை, மதியம் கடைசிப் பயிற்சி. பின்னால் பிள்ளைகள் பாடிப் பார்க்கும் சத்தம் கேட்டது. இப்போதுதான் டிரைவைத் திறந்திருக்கிறார்.

"டீச்சரே, பேஸ் ஃபோல்டர்ல ஒரே ஒரு ஃபைலுதான் கெடக்கு."

"கேட்டியளா?"

"கேட்டேன். உங்க கொரலாக்கும் அதுல. 'நாளைக்கு வாருங்க'ன்னு."

"நான் சொன்னதில்ல அது. நீங்க சொன்னது. ஓர்மை இருக்கா?"

அந்தப் பக்கம் பிள்ளைகள் பாடுவதை நிறுத்தியிருந்தார்கள்.

"இருக்கு, டீச்சர்" என்றார்.

மூன்று நாளைக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய பதில். "நாளைக்கு நானும் வாறேன். முன் வரிசையிலதான் இருப்பேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அப்பா வாசலில் நின்று என் முகத்தையே பார்க்கிறார். அரிசிப் பானை இருக்கும் பக்கம் அவர் பார்வை போகவில்லை, இன்னும் கண்டுபிடிக்கவில்லை. நாளைக்குக் கட்ட அந்தப் பச்சைப் பட்டுப் புடவையை எடுத்துத் தேய்க்க வேண்டும். உன் கல்யாணத்துக்குக் கட்டிய பிறகு அதைக் கட்டவே இல்லை.

அம்மா